மடி ஏந்தி நின்றவள்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் வேலை என்றதும் அம்மாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஏசி அறையில் உட்கார வேண்டிய மகள் மஞ்சள் காட்டுக்கு நடுவே பொம்மை விமானம் விடப் போகிறாளாம். ட்ரோன் என்று எத்தனை தடவை திருத்தினாலும் அம்மாவுக்கு அது பொம்மைதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் மொட்டைமாடிதான் என் அலுவலகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குட்டக்காடு என்று ஒரு சிற்றூர். மழை பிடித்துக்கொண்டால் தரைப்பாலம் முழுகிவிடும்; பிறகு அங்கே மருந்து போக வானம்தான் வழி. அங்குள்ள துணை நிலையத்தின் முன்னால் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். ட்ரோன் அதில் இறங்கிப் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பும். வட்டத்துக்குள் ஆள் நின்றால் மட்டும் இறங்காது. யார் தலையிலும் விழுந்துவிடக் கூடாதென்று அதை அப்படிப் பழக்கியிருக்கிறார்கள்.

முதல் நாளே மருந்தாளுநர் சின்னண்ணன் கமலவேணியின் கதையைச் சொன்னார். போன ஐப்பசி வெள்ளத்தில் அவள் மகளைப் பாம்பு கடித்துவிட்டது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ட்ரோனில் மருந்தை அனுப்பினார். நர்ஸ் மைதிலி குழந்தையை விட்டு நகர முடியாமல் உள்ளே இருக்க, கமலவேணி ஓடிப்போய் வட்டத்தின் நடுவில் நின்று முந்தானையை விரித்து ஏந்திக்கொண்டாள். மாரியம்மன் கோயிலில் பூசாரி கொடுக்கும் எலுமிச்சம்பழத்தை அந்த ஊர்ப் பெண்கள் அப்படித்தான் வாங்குவார்கள். உயிர் காக்க வருவதை மண்ணில் விழ விடுவார்களா? தள்ளி நிற்கச் சொல்ல அங்கே வேறு யாருமில்லை. அவள் நகரவில்லை. அது இறங்கவில்லை. அவள் தலைக்கு மேலே நின்று நின்று பார்த்துவிட்டு, பேட்டரி தீரும் நிலையில் மருந்தோடு திரும்பி வந்துவிட்டது.

குழந்தை அன்றைக்கே போய்விட்டது. தன்னால்தான் என்று தெரிந்த பிறகு கமலவேணி சோற்றில் கை வைக்கவில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் அவளும் போய்விட்டாள்.

"அவ நின்ன எடத்துல இப்பவும் கோழிகூட நடக்கறதில்லீங்க," என்றார் சின்னண்ணன்.

கோழிக்குச் சுண்ணாம்பு பிடிக்காது என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த ஐப்பசியிலும் பாலம் முழுகியது. ஒரு பிற்பகலில் மைதிலியக்கா போன் செய்தார். மஞ்சள் காட்டில் சபரிநாதன் என்பவரின் பையன் தர்ஷனை நாகம் கடித்துவிட்டது. இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. அங்கே விஷமுறிவு மருந்து காலி. டாக்டரே பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். தூறலிலேயே ட்ரோனைக் கிளப்பினேன்.

திரையில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. பிறகு தென்னைகள். பிறகு வட்டம்.

வட்டத்தின் நடுவில் ஒருத்தி நின்றாள்.

மேலிருந்து பார்க்க அவள் வகிடும், இரண்டு கையாலும் விரித்துப் பிடித்த முந்தானையும்தான் தெரிந்தன. ட்ரோன் இறங்க மறுத்து அந்தரத்தில் நின்றது.

"அக்கா, வட்டத்துல யாரோ நிக்கறாங்க. தள்ளிப் போகச் சொல்லுங்க."

"ஆருமில்லையே கண்ணு. நா வாசப்படியிலதான் நிக்கறேன்."

வாசற்படியில் அவரும் தெரிந்தார். காற்றில் தென்னை மட்டைகள் பேயாட்டம் ஆடின. அந்த முந்தானையில் மட்டும் ஓர் அசைவும் இல்லை.

சின்னண்ணன் எட்டித் திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது.

திரும்ப அழைத்தால் இன்னொரு குழந்தையும் போய்விடும். பெட்டியை மேலிருந்தே கழற்றிவிடலாம். ஆனால் பனைமர உயரம். உள்ளே கண்ணாடிக் குப்பிகள். விழுந்தால் தூள்தான்.

அவள்தான் ஏந்திக்கொண்டு நிற்கிறாளே?

பைத்தியக்காரத்தனம்தான். விட்டுவிட்டேன்.

விழுந்த சத்தம் வரவில்லை.

"அக்கா?"

போனில் கிசுகிசுத்தார். "கீழ வுழுவுல கண்ணு. இடுப்பு ஒசரத்துல அப்படியே நிக்குது."

"போய் எடுங்கக்கா."

"பயமா இருக்குது."

"தர்ஷனுக்காக எடுங்க."

அவர் அடிமேல் அடி வைத்து நடந்து போவதைத் திரையில் பார்த்தேன். பெட்டியை அவர் தொட்டதும், ஏந்தியிருந்த கைகள் மெல்லத் தாழ்ந்தன. நான் அழுதுவிட்டேன். இதற்காகத்தானே இத்தனை நாள் மழையிலும் வெயிலிலும் நின்றாள், பாவம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மைதிலியக்கா கூப்பிட்டார். தர்ஷன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டானாம். சபரிநாதன் மகனின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாராம். கமலவேணியின் மனசு ஆறியிருக்கும், இனி அவள் நிம்மதியாகப் போய்விடுவாள் என்றேன் நான். மைதிலியக்காவும் ஆமாம் என்றார்.

அப்போது போனில், அவர் பேச்சுக்கு அடியில், இன்னொரு குரல் கேட்டது. தொண்டை வறண்ட பெண்குரல்.

"பக்கத்துல யாருக்கா?"

"ஆருமில்ல தமிழினி. மருந்து ரூம்புல நா மட்டுந்தான் இருக்கறேன்."

அந்தக் குரல் மறுபடியும் கேட்டது, கெஞ்சலாக.

"எம் புள்ளைக்கு எப்பங்க வரும்?"

மைதிலியக்காவுக்கு அது கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் போனை வைக்க மனசு வரவில்லை.