அறவாழி வீட்டுப் பொறுப்பாளர்

புதன்கிழமை காலைகளில் வைகைக் குவிமாடத்தின் தெருக்களில் மனிதர்களைப் பார்க்க முடியாது. செவ்வாய்க் கிரகத்தில் தமிழர்கள் குடியேறிய குவிமாடங்களுக்கெல்லாம் ஆறுகளின் பெயரை வைத்திருந்தார்கள். வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடாத ஊரில் அப்படி ஓர் ஆசை. புதன் காலையில் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். மனிதரின் மார்பளவு உயரத்தில் சாம்பல் நிறப் பதிலி ஒன்று வெளியே வரும். கதவைச் சாத்திவிட்டு, எதிரே வரும் பதிலிகளுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே சமுதாயக் கூடத்தை நோக்கி நடக்கும். உள்ளே வீட்டுக்காரர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

பதிலி என்பது மனிதருக்குப் பதிலாகப் போகிற இயந்திரம். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் அது போகும். மருந்தகத்தில் வரிசை என்றால் அது நிற்கும். துக்கம் விசாரிக்கக்கூட அதையே அனுப்பினார்கள். போன இடத்திலும் துக்கத்தோடு உட்கார்ந்திருந்தது அந்த வீட்டுப் பதிலிதான் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. போய்வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லும். அதைக் கேட்கத்தான் யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

புதன்கிழமை வகுப்புக்குப் 'பொறுப்பான பயன்பாடு' என்று பெயர். குடியேறிய புதிதில் எவனோ ஒரு மேதாவி, எச்சரிக்கையைப் படிக்காமல் வீட்டுக் காற்றுச் சீராக்கியைத் திருகிவைத்து, தெரு முழுவதையும் மூச்சுத் திணற வைத்தான். அதன் பிறகு சட்டம் வந்தது. வீட்டுக்கு ஒருவர் வாராவாரம் வகுப்புக்கு வர வேண்டும், தேர்வில் தேற வேண்டும், தேறியவரே அந்த வீட்டுக் கருவிகள் அனைத்துக்கும் பொறுப்பாளர். நல்ல சட்டம்தான். முதல் வாரம் கூடம் நிறைய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வாரம் பாதிப் பேருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் பாடம் நடத்துகிறவரே தன் பதிலியை அனுப்பிவிட்டார்.

ஊர்திப் பட்டறையில் மேற்பார்வையாளனாக இருந்த அறவாழியும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தான். ஆனால் இந்தப் புதன்கிழமை அவன் தூங்கவில்லை. மகள் வெயினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, காலி வீதியில் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தான். உடம்பெல்லாம் கோபம்.

முந்தின நாள் பட்டறையில் அவனுடைய விரல் இரும்புக் கதவில் நசுங்கிவிட்டது. ரத்தம் கசியும் துணிச்சுற்றோடு வீட்டுக்கு வந்தான். மனைவி கோதை வடதுருவப் பனிச் சுரங்கத்தில் வேலை முறைக்குப் போயிருந்தாள். வாசலில் ஏழு வயது மகள் நின்றாள். அவள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள், ரத்தத்தைப் பார்த்து அழுவாள், குறைந்தபட்சம் பயப்படவாவது செய்வாள் என்று எதிர்பார்த்தான். வெயினி தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தாள். காதுக்குள் எதையோ கேட்டாள். பிறகு தெளிவாகப் பேசினாள்.

"உங்கள் வலி விரைவில் குறையட்டும், அப்பா. காயங்களுக்கு 'நொடியாறு' களிம்பு சிறந்தது. இன்று இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்."

அறவாழிக்கு விரல் வலி மறந்துபோயிற்று. பெற்ற பெண் அப்பாவின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே களிம்பு விற்கிறாள். இதற்கு எந்தத் தகப்பனுக்குத்தான் வயிறு எரியாது.

எல்லாம் செவிமணியின் வேலை. மிளகு அளவு மணி ஒன்றைக் குழந்தையின் காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்துவிடுவார்கள். எப்போது பல் தேய்க்க வேண்டும், யாரிடம் என்ன சொல்ல வேண்டும், எதற்குச் சிரிக்க வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். மணி பதித்த குழந்தை அடம்பிடிக்காது, எதிர்த்துப் பேசாது. கிட்டத்தட்ட சும்மாவே கொடுத்தார்கள். அந்த நட்டத்தை யார் ஈடுகட்டுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அறவாழிக்குப் பதில் தெரிந்துவிட்டது.

மணியை எடுக்க அவன் போய்ச் சேர்ந்த கருவிப் பொறுப்பகத்தின் முகப்பில் வழக்கமாக ஒரு பதிலிதான் இருக்கும். அதுவும் வகுப்புக்குப் போயிருந்ததால் அதன் சொந்தக்காரி சண்பகவல்லி, வேறு வழியின்றித் தானே வந்து உட்கார்ந்திருந்தாள். நெடுநாள் கழித்து வேலைக்கு வந்த எரிச்சல் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மணியை எடுப்பது சுலபம் என்றாள். வலிக்காது, தழும்பு தெரியாது, வீட்டுப் பொறுப்பாளர் கையை வைத்தால் போதும் என்று பலகையைக் காட்டினாள்.

அறவாழி கையை வைத்தான். பலகை சிவந்தது. 'பயிற்சி பெறாதவர்' என்றது. துணிச்சுற்றுதான் தடுக்கிறது என்று நினைத்து மறு கையை வைத்தான். பலகை மறுபடியும் அதையே சொன்னது.

"நான் வருஷா வருஷம் பாஸ் பண்ணியிருக்கேன்மா. சான்றிதழ் வீட்ல மாட்டியிருக்கு."

"நீங்க பண்ணலை சார், உங்க பதிலி பண்ணியிருக்கு," என்றாள் சண்பகவல்லி. "வகுப்புல உக்காந்தது அதுதானே? சட்டப்படி உங்க வீட்டுக்கு அதுதான் பொறுப்பாளர். எங்க வீட்லயும் அப்படித்தான்."

அறவாழி போட்ட சத்தத்தில் பக்கத்து அறை விளக்குகள் எரிந்தன. பெற்றவனுக்கு உரிமை இல்லையா, இரும்புச் சட்டிக்கு உரிமையா, இது எந்த ஊர் நியாயம் என்று மேசையைத் தட்டினான். வலிக்கிற கையால் தட்டிவிட்டதால் கோபம் இன்னும் கூடியது. சண்பகவல்லி அசரவில்லை. சட்டத்தில் 'ஒருவர்' என்றுதான் இருக்கிறது, 'மனிதர்' என்று இல்லை என்றாள். அதைத் திருத்தத்தான் போன வருடம் மன்றத்தைக் கூட்டினார்கள். மன்ற உறுப்பினர்கள் எல்லோரும் பதிலிகளை அனுப்பியிருந்தார்கள். தங்களைப் பற்றிய விஷயத்தில் தாங்கள் முடிவெடுப்பது முறையில்லை என்று பதிலிகள் ஒதுங்கிக்கொள்ள, கூட்டம் கலைந்துவிட்டது.

இதையெல்லாம் வெயினி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தலை சாய்ந்தது. "கோபத்தைக் குறைக்க மூச்சை ஆழமாக இழுங்கள், அப்பா," என்றாள். அறவாழி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சமுதாயக் கூடத்துக்கு நடந்தான்.

நடக்கிற நடையிலேயே பொதுமேடையைத் திறந்தான். குவிமாடத்தில் யார் வேண்டுமானாலும் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பேசினால் அது எல்லா வீட்டுச் சுவர்களிலும் கேட்கும். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினான். நம் பிள்ளைகளைக் கொண்டே நம்மிடம் கடை நடத்துகிறார்கள் என்றான். இயந்திரம் வளர்க்கிற பிள்ளை யாருடைய பிள்ளை என்று கேட்டான். கூடத்தின் வாசலை அவன் தொடுவதற்குள் ஆயிரக்கணக்கானோர் கேட்டுவிட்டார்கள். 'சரியான கேள்வி', 'இன்னும் பேசுங்கள்' என்று பதில்கள் குவியத் தொடங்கின.

கூடத்துக்குள் வரிசை வரிசையாகப் பதிலிகள் கைகட்டி உட்கார்ந்திருந்தன. மேடையில் நின்றதுகூடப் பதிலிதான். அத்தனை பெரிய கூடத்தில் ஒரு மனித மூச்சு இல்லை. அன்றைய பாடம் குழந்தைகளும் கருவிகளும். அறவாழி தன் வீட்டுப் பதிலியைக் கண்டுபிடித்து, எழுந்து வந்து கையை வைக்கச் சொல்லிக் கத்தினான். எல்லாப் பதிலிகளும் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தன. அவனுடைய பதிலி எழுந்து நின்றது.

"மகிழ்ச்சியாக வருகிறேன், ஐயா. பத்து வயதுக்கு முன் செவிமணி கூடாது என்று முதல் வருடமே பாடம் வந்தது. அன்றைக்கே உங்களிடம் சொன்னேன். அதற்குப் பிறகும் பலமுறை சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"நீங்கள் பொதுமேடை கேட்டுக்கொண்டிருந்தபோது, ஐயா. வேறு எப்போதும் நீங்கள் கிடைக்கவில்லை."

அறவாழிக்கு அதை அங்கேயே போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. அது தொடர்ந்தது. ஒரு கருவியை எடுக்கும் முன், அது செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்று முடிவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை தவித்துப்போகும் என்பது பாடம். என்ன வேலை என்று கேட்டான் அறவாழி. பள்ளிக்கூடம் சொல்லித்தான் மணியைப் பதித்ததாக அவன் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தான்.

"பள்ளி சொல்லவில்லை, ஐயா. அப்போது அவளுக்கு மூன்று வயது. சாப்பிட வைப்பது பெரும்பாடாக இருந்தது. மணி கதை சொன்னால் வாயைத் திறக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். நீங்களும் அம்மாவும் அன்று மாலையே கூட்டிப்போய்ப் பதித்தீர்கள்."

மேடையில் நின்ற பதிலி தலையாட்டியது. அநேகமாக எல்லா வீட்டிலும் காரணம் அதுதான் என்றது. கேட்டுக்கொண்டிருந்த மற்றவையும் தலையாட்டின.

அறவாழியின் முகம் சிவந்தது. அது வெட்கமா கோபமா என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. எது வந்தாலும் கோபமாகவே வெளியே விட்டுவிடுவான். "நான் ஊட்டுறேன்," என்றான். "எம்பொண்ணுக்கு நான் ஊட்டிக்கிறேன். நீ வந்து கையை வை."

பொறுப்பகத்துக்கு அவர்களோடு வந்து பதிலி கையை வைத்தது. பலகை பச்சையானது. மிளகளவு மணி ஒரு கிண்ணத்தில் விழுந்தது.

திரும்பும் வழியெல்லாம் வெயினி காதைத் தடவிக்கொண்டே வந்தாள். அடிக்கடி தலையைச் சாய்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை போலும். நிமிர்ந்தாள், மறுபடி சாய்த்தாள். வீட்டுக்குள் வந்ததும் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

குரலே வேறாக இருந்தது. கொஞ்சம் மழலை, கொஞ்சம் பயம். மணி பதித்த இந்த நான்கு வருடத்தில் அறவாழி கேட்டிராத குரல் அது. மகளை வாரி எடுத்து அணைத்துக்கொண்டான். ஒன்றும் பண்ண வேண்டாம், அப்பா இருக்கிறேன், இனி எல்லாம் அப்பாதான் என்று சொன்னான். அந்த நிமிடத்தில் அவன் சொன்னது முழு உண்மை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் பாசி மாவு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். முதல் வாயை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். முழுங்கச் சொன்னான். முழுங்குவது எப்போது என்று காதுக்குள் சொல்ல இப்போது மணி இல்லை. கதை சொல்லச் சொன்னாள். அறவாழிக்குக் கதை எதுவும் தெரியவில்லை. ஒரு நரி இருந்தது என்று ஆரம்பித்தான். அந்த நரி என்ன செய்தது என்று அவள் கேட்டாள். நரி என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பொதுமேடை துடித்தது. அவன் காலையில் பேசியது பொருநைக் குவிமாடம், காவிரிக் குவிமாடம் வரை போய்விட்டது. பெற்றோர் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தார்கள். அடுத்து என்ன செய்யலாம், சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

இரண்டாவது வாயை அவள் துப்பினாள். மூன்றாவதுக்கு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். சட்டைப் பொத்தான் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அறவாழி கதவோரம் நின்ற பதிலியைப் பார்த்தான்.

"நீ ஒரு ரெண்டு வாய் ஊட்டிட்டு இரு. நான் பேசிட்டு இதோ வந்துர்றேன். இது முக்கியமான விஷயம்."

தட்டைப் பதிலியின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கருவி இல்லாமல் குழந்தைக்குச் சோறூட்டுவது எப்படி என்று இரண்டாம் வருடப் பாடத்தில் இருந்தது. அந்தக் குவிமாடத்தில் அந்தப் பாடத்தைக் கேட்ட மனிதர் ஒருவரும் இல்லை. பதிலி தரையில் உட்கார்ந்தது. தட்டை அவள் மடிக்கு அருகில் வைத்தது. ஊட்டவில்லை, கதையும் சொல்லவில்லை. இட்லியைப் பிட்டுப் பார்க்கிறாயா என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தது. நெடுநேரம் காத்திருந்தது. காத்திருப்பதுதான் பாடத்தின் பெரும்பகுதி. வெயினி அழுது முடித்தாள். மூக்கைத் துடைத்தாள். இட்லியில் ஒரு விரலால் குழி போட்டாள், அந்த விரலை நக்கிப் பார்த்தாள். பிறகு பசி வந்து, பிட்டுப் பிட்டுத் தின்னத் தொடங்கினாள். நரியைப் பற்றி அவளே ஏதோ சொன்னாள். நரிக்கு இட்லி பிடிக்காதாம். அதற்கு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

உள்ளே அறவாழி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளைக்கு ஒரு கவளம் ஊட்டக்கூட நேரமில்லாமல் இயந்திரத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு, நாமெல்லாம் என்ன பெற்றோர் என்று அவன் கேட்டபோது அவனுக்கே கண்ணீர் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பலரும் அழுதார்கள். அவர்களுடைய வீடுகளிலும் அது சாப்பாட்டு நேரம்தான்.

வெயினியின் சிரிப்புச் சத்தம் கதவைத் தாண்டி உள்ளே கேட்டது. அறவாழி கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தான்.

"சத்தம் போடாதீங்க. உங்களுக்காகத்தான் பேசிட்டிருக்கேன்."

வெயினி சிரிப்பை நிறுத்தினாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் பதிலியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தணித்து, நாளைக்கும் நீதானே என்று கேட்டாள்.

அது அப்பாவின் வேலை, அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றது பதிலி. எழுந்துபோய்க் கதவை மெல்லத் தட்டியது. உள்ளேயிருந்து பதில் வரவில்லை. பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பதிலி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர்க் குவளையை அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தது.