காதைக் கழற்றும் வாசல்

கிளாஸ்கோவில் அந்தப் பள்ளியின் வாசலுக்கு வந்ததும் எல்லோரும் காதைக் கழற்றிப் பெட்டியில் போடுவார்கள். காதை என்றால், காதுக்குள் இருக்கும் செவிபெயர்ப்பியை. வாய்ப்பேச்சில் அதற்குப் பெயர் ‘பட்’. பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் பொருத்திவிடுவார்கள். குளிக்கவோ தூங்கவோ கழற்றத் தேவையில்லை. நான் தமிழில் கதைப்பேன், பஸ் சாரதிக்கு ஆங்கிலத்தில் கேட்கும். அவர் திட்டினால் எனக்கு நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கேட்கும். இந்த வசதி வந்த பிறகு எந்தப் பைத்தியம் இன்னொரு மொழி படிக்கும்?

ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசுகிறவர்கள் மட்டும் மசியவில்லை. எங்கள் மொழியை மெஷினுக்குத் தரமாட்டோம், அது பேசத் தொடங்கினால் மனிதர் பேசமாட்டார்கள் என்று நின்றுவிட்டார்கள். ஆகவே கேலிக் வேண்டுமென்றால் சிறுவயதிலேயே அதற்குள் மூழ்கித்தான் எழும்ப வேண்டும். மெஷினுக்குத் தெரியாத மொழி என்பதால் நகரசபையில் நல்ல வேலையெல்லாம் இப்போது அவர்களுக்குத்தான். விடுவேனா? என் மகள் ஆரபியையும் அந்தக் கேலிக் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பெற்றோரை உள்ளே விட்டார்கள். வெறுங்காதோடு போனேன். என்னைக் கண்டு ஓடிவந்த ஆரபி முற்றத்தில் விழுந்தாள். முழங்காலில் இரத்தம்.

“ஐயோ, என்ர குஞ்சு! எங்க நோகுது? சொல்லம்மா, எங்க நோகுது?”

யாரோ தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆசிரியை இஷ்பெல் குனிந்து கேலிக்கில் மெல்ல ஏதோ சொன்னாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

வீட்டில் வாய் ஓயாமல் என்னோடு தமிழ் கதைக்கும் மகள், ஒருநாளும் தமிழ் கதைத்ததில்லை. அவளுடைய ஆங்கிலத்தைத்தான் பட் அவள் குரலிலேயே தமிழாக்கி எனக்குத் தந்திருக்கிறது. என் தமிழை அவள் கேட்டதேயில்லை; ஆஸ்பத்திரியில் பொருத்திய பட் அதை ஆங்கிலமாக்கித்தான் அவளுக்குத் தந்திருக்கிறது.

வாசலில் ‘பட்’டை மறுபடி மாட்டியதும் இஷ்பெலிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“மனம் விடாதேங்கோ,” என்றாள். அவள் பேசிய ஆங்கிலத்தை மெஷின் யாழ்ப்பாணத் தமிழில் தந்தது. “எங்கட கேலிக் ஆக்களும் வீட்டில பிள்ளையளுக்கு இப்பிடித்தான் சொல்லித்தரத் தொடங்கினவை. சமைக்க ஒரு குசினியும் வெறுங்காதும் போதும்.”

“பிள்ளை அழுமே, டீச்சர்?”

“அழும். நீங்களும் அழுவியள்.”

அன்று மாலை எங்கள் இருவரின் ‘பட்’டையும் கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். ஆரபி கத்தினாள், காலை உதைத்தாள், டின்னைப் பறிக்கப் பார்த்தாள். பெற்ற பிள்ளையோடு எனக்கு ஏன் இந்தக் கூத்து என்று நான் மூடியைத் திறக்கக் கை வைத்த நேரம், அவள் முழங்கால் மேசைக்காலில் இடிபட்டது. அதே காயம்.

குனிந்து ஊதினேன். “நோகுதோ?”

அழுகை நின்றது. முற்றத்தில் கேட்ட சொல் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். காயத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“நோகுது.”

என் மகள் என்னிடம் சொன்ன முதல் தமிழ்ச் சொல் அது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

“ஓம் குஞ்சு, நோகுது,” என்று சொல்லி மறுபடியும் ஊதினேன்.