பதினேழாம் வண்டியின் பின்தகரம்

நகரப் பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். பட்ஜெட்டில் பணமில்லையாம். முதலில் கண்டக்டர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு தடங்களைக் குறைத்தார்கள், கடைசியில் வண்டிகளையே ஏலம் விட்டார்கள். பத்தொன்பதையும் எடுத்தவன் நான். பழைய இரும்பு என் தொழில். நான் பிறந்த வீட்டில் குழந்தை அழுதால்கூட எவ்வளவுக்கு அழுகிறது என்று கேட்பார்கள்.

பதினெட்டு வண்டிகளை ஏற்றி அனுப்பியாயிற்று. மிச்சம் இருந்த ஒன்றை எடுக்க நானும் என் மச்சினனும் காலை பதினோரு மணிக்கு டெப்போவுக்குப் போனோம். அவன் கேஸ் கட்டர் பிடிப்பவன். தாயில்லாத அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் என் மனைவி.

"என் தம்பிய முழுசா கூட்டிட்டு வாங்க," என்றாள் கிளம்பும்போது. "உங்க வியாபாரத்துல அவனையும் சேத்துடாதீங்க."

பதினேழாம் எண் வண்டி கொட்டகையின் மூலையில் நின்றது. அதன் பின்னால் இருந்த சுவரில், ஆள் நெஞ்சு உயரத்துக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். டீசல் வாடை. அதற்கும் அடியில், கழுவிவிட்ட கறிக்கடையின் வாடை.

"கண்டக்டர நசுக்கின வண்டிங்க அது," என்றான் வாட்ச்மேன். "வேலையிலேர்ந்து தூக்கினப்புறமும், வண்டி ஓடின கடைசி நாள் சம்பளமில்லாம வந்தாரு. என் வண்டிய நான்தான் நிறுத்துவேன்னாரு. சுவத்தோட சேத்து அப்பிடுச்சு. நெஞ்சு காகிதமாட்டம் ஆயிடுச்சு."

"டிரைவர் என்ன குருடனா?"

"பின்னாடி தட்டுற சத்தம் கேட்டுச்சாம், அதனால வந்தானாம். நசுங்கினவன் தட்டினானாம்! கதையப் பாருங்க."

நானும் சிரித்தேன். எனக்குத் தெரியாத கதையா? ரத்தம் பட்ட வண்டியை எவன் தொடுவான் என்று பேசி ஏலத்தில் விலையை இறக்கியதே நான்தான்.

பஸ்காரர்கள் ரிவர்ஸ் எடுப்பது காதால். கண்டக்டர் பின்னால் நின்று தகரத்தில் தட்டுவார். இரண்டிரண்டாகத் தட்டினால், வா. ஓங்கி ஒரே அடி அடித்தால், நில். டிரைவரின் கால் அந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் கட்டுப்படும். அந்தக் கண்டக்டர் இருபத்தாறு வருடம் ஒரே இடத்தில் தட்டியிருக்கிறார். இடது பின்மூலையில் பெயின்ட் தேய்ந்து, உள்ளங்கை வடிவத்தில் வெள்ளையாகத் தகரம் தெரிந்தது.

வேறு யார் கைக்கும் அந்த வண்டி கிளம்பாது என்றார்கள். அதே டிரைவரைத்தான் ஒரு நாள் கூலிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஏறி உட்கார்ந்தவன் வெளியே எட்டிப் பார்த்தான்.

"கண்ணாடி எங்க முதலாளி?"

பக்கக் கண்ணாடிகள் தனி விலைக்குப் போகும். முந்தின நாளே கழற்றிவிட்டேன்.

"அப்ப யாரு தட்டுவா?" அவன் குரல் இறங்கியது.

"நான் தட்டறேன்யா. நீ வா."

வண்டியை வெளியே கொண்டுவந்து, டிரெய்லர் லாரிக்கு முதுகு காட்டி நிறுத்தினான். ஏற்றுவதற்கான பலகையை மச்சினன் இரண்டு கைகளாலும் தூக்கிப் பொருத்திக்கொண்டிருந்தான். நான் பின்பக்கம் போகும் வழியில் ஒரு பெண் குறுக்கே வந்தார். இறந்த கண்டக்டரின் மனைவி.

"ஐயா, அந்தத் தகரத்த மட்டும் வெட்டிக் குடுங்க. அவரு கை பட்டது."

கொடுத்திருக்கலாம். நாக்கு கேட்கவில்லை.

"தகரம்னா எடை இருக்கேம்மா. என்ன குடுப்பீங்க?"

அவர் பர்ஸைத் திறந்தார். நான் கையை நீட்டினேன்.

டப் டப்.

என் ஒரு கை அவர் முன்னால் நீண்டிருந்தது. இன்னொன்று என் இடுப்பில்.

டப் டப்.

மச்சினனின் கைகள் பலகையில்.

அந்த வெள்ளை உள்ளங்கை தானாகக் குழிந்தது, மேலே வந்தது, மறுபடி குழிந்தது.

வண்டி பின்னால் நகர்ந்தது.

கத்தினேன். என்ஜின் உறுமலில் என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. வண்டி இடித்துப் பலகை சரிந்தது. பலகைக்கும் டிரெய்லரின் இரும்பு விளிம்புக்கும் நடுவே மச்சினனின் வலது கால் சிக்கிக்கொண்டது.

"மாமா! மாமா, நிறுத்துங்க!"

ஓடிப்போய்த் தகரத்தில் ஓங்கி ஒரே அடி அடித்தேன். நின்றது.

டப் டப். நகர்ந்தது.

அடித்தேன். நின்றது.

டப் டப்.

எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். எதிராளியின் முகம் தெரியாமல் பேசியது அன்றுதான். நான் நில் என்பேன், அது வா என்னும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சாண் எனக்கு நஷ்டம். மூன்றாவது அடியில் என் விரல் எலும்புகள் முறிந்தன. தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று, வெதுவெதுப்பாக, என் முஷ்டியைத் திருப்பித் தள்ளியது.

பம்பர் அவன் முழங்காலைத் தொட்டது.

டப் டப்.

பச்சைக் கழியை முறிப்பது போல ஒரு சத்தம். அவன் அலறல் பாதியில் அறுந்தது. ரத்தம் என் முகத்தில் அடித்தது, அந்த உள்ளங்கையிலும் அடித்தது.

கீழே கிடந்த சங்கிலிக் கொக்கியை எடுத்து, வெறிகொண்டு அந்தத் தகரத்தில் இறக்கினேன். கிழிந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை.

தட்டுவது நின்றது. வண்டியும் நின்றது.

கிழிசல் வழியாக உள்ளே பார்த்தேன். காலி சீட்டுகள்.

பேரம் பாதியில் படிந்தது. மச்சினனின் உயிர் எனக்கு. முழங்காலுக்குக் கீழே அவன் வலது கால் அதற்கு.

டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நீங்கதானே முதலாளி தட்டினீங்க? சொல்லுங்க, நீங்கதானே?" அவன் முணுமுணுத்தான்: "அன்னிக்கும் இப்படித்தான். அவரு வாயில ரத்தம் வந்தப்புறமும் தட்டிக்கிட்டே இருந்துச்சு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "முழுசாத்தானே கேட்டேன்?"

அந்தத் தகரத்தை வெட்டி, கண்டக்டர் வீட்டுக்குக் காசில்லாமல் அனுப்பிவைத்தேன். என் வாழ்க்கையில் முதல் இலவசம். நான்காம் நாள் அவர் மனைவி அதைத் தள்ளுவண்டியில் திருப்பிக் கொண்டுவந்து என் யார்டு வாசலில் போட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"அவரு ஒரு தடவகூட 'நில்லு'ன்னு அடிக்க மறந்ததில்லைங்க. இது விடிய விடிய வா வான்னுதான் தட்டுது." குரலைத் தாழ்த்தினார். "இது அவரு கை இல்ல."

அன்று மதியமே உலைக்கு எடுத்துப்போனேன். அது சிவந்து, தொய்ந்து, குழம்பாகிக் கலந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பினேன்.

நேற்று மாலை வீட்டு வாசலில் என் வேனை ரிவர்ஸ் எடுத்தேன். இப்போதெல்லாம் மூன்று கண்ணாடி வைத்திருக்கிறேன். மூன்றிலும் மச்சினன் தெரிந்தான். கேட்டருகே நின்றான், இரண்டு கைகளும் ஊன்றுகோல்களில்.

டப் டப்.

இரண்டு கால்களாலும் பிரேக்கை மிதித்தேன்.

"மாமா," என்றான் மெதுவாக. "உள்ள யாரு? உள்ளேர்ந்து தட்டறாங்களே?"

வேனில் நான் மட்டும்தான் இருந்தேன்.

இறங்கிப் பின்னால் போனேன். போன மாதம்தான் பெயின்ட் அடித்த கதவு. இடது மூலையில், ஒரு உள்ளங்கை அளவுக்கு, வெள்ளையாகத் தேய்ந்திருந்தது.