நாற்பது டிகிரித் தோள்

அறுநூறு கஜத்துக்கு அப்பால், பனி மூடிய மலைச்சரிவில், ஃபிளாய்ட் ஹாஸ்கின்ஸ் குப்புற விழுந்தார்.

அசையவில்லை!

ஆரின் டோலெஃப்ஸன் துப்பாக்கியின் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் கொலை. இத்தனை தூரத்தில் அவர் ஒரு மானைக்கூடத் தொட்டதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காரணம் அற்பமானதுதான். ஆரின் துப்பாக்கி செய்பவர். கடையில் விற்கும் தோட்டாக் கூட்டை வாங்கி, அதன் கழுத்தை இறுக்கி, கழுத்துக்குக் கீழே சரியும் தோளை நிமிர்த்தி, உலகில் எவரிடமும் இல்லாத தோட்டா ஒன்றைப் படைத்தவர். 'டோலெஃப்ஸன் மின்னல்' என்று அதற்குத் தம் பெயரையே சூட்டியவர். பதினோரு ஆண்டுகளில் அதற்காக அவர் செய்த துப்பாக்கிகள் மொத்தம் ஒன்று. அதை வாங்கியவரும் அவரே.

அதே தொழில் செய்யும் ஃபிளாய்ட் அதைப் பார்த்துச் சிரித்தார். ஊர் கிளப்பில்... எல்லோர் முன்னிலையிலும்!

சரிவில் யாரோ கத்தும் சத்தம்!

ஆரின் ஓடினார். துப்பாக்கி கக்கிய வெற்றுக்கூடு பனியில் எங்கோ புதைந்துபோயிற்று.

நண்பகல். பட்டறைக் கதவு தட்டப்பட்டது.

ஷெரீஃப் டார்லா வாஸ்!

"காபி இருக்கா ஆரின்? கை விறைச்சுப் போச்சு."

"இருக்கு... வாங்க."

அவள் ஒரு பிளாஸ்டிக் பையை மேசை மேல் போட்டாள். உள்ளே அந்தக் கூடு!

ஆரின் அவசரமாகக் காபிப் பாத்திரத்தை எடுத்தார்.

"ஃபிளாய்டை யாரோ சுட்டிருக்காங்க. இது மட்டும்தான் கிடைச்சுது. அடியில '30-06'னு தோட்டா ரகம் பொறிச்சிருக்கு. இந்த ஊர்ல அந்த ரகத் துப்பாக்கி இல்லாத வீடு உண்டா?"

"இ... இல்ல."

"அப்போ கண்டுபிடிக்கவே முடியாது. ஃபைலை மூடிட வேண்டியதுதான்."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்... விடுதலை!

ஆரின் காபியை ஊற்றினார். பாதிதான் கோப்பையில் விழுந்தது.

"ஆனா ஒண்ணு," என்றாள் டார்லா. "சுட்டவன் படு மட்டமான துப்பாக்கி வச்சிருக்கான். பாருங்க, கூடு எப்படி வீங்கிக் கிடக்குன்னு!"

"வீக்கமா...?"

"பின்னே? கழுத்தும் நசுங்கியிருக்கு. துப்பாக்கியில தோட்டா உக்கார்ற அறையைக் கடைஞ்சவன் குடிச்சிட்டுக் கடைஞ்சிருப்பான்."

ஆரின் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒன்று... இரண்டு... மூன்று...

"எங்க மாமா டிராக்டர் ரிப்பேர் பண்றவரு. அவரே இதைவிட நல்லா கடைவாரு!"

"ஏம்மா, கண்ணு தெரியலையா உனக்கு?" ஆரின் வெடித்தார். "வீக்கமாம் வீக்கம்! அது நாற்பது டிகிரித் தோள்! கழுத்து நசுங்கல, ஆறு மில்லிமீட்டருக்கு நானே இறுக்கினது! அந்த அறையைக் கடைய நாலு மாசம் ஆச்சு! உலகத்துலயே இது ஒரே ஒரு துப்பாக்கியிலதான்..."

நிறுத்தினார்.

மிகவும் தாமதமாக நிறுத்தினார்.

டார்லா புன்னகைத்தபடி விலங்கை எடுத்தாள்.

"எனக்குத் துப்பாக்கி பத்தி ஒண்ணும் தெரியாது ஆரின். பிள்ளையைத் திட்டினா அப்பன் வெளிய வருவான்னு மட்டும் தெரியும்."

ஆரின் கைகளை நீட்டினார். "கொலைக்கு எத்தனை வருஷம்?"

"கொலையா? யாரு செத்தா?"

"ஃபிளாய்ட்...!"

"மண்டையில நாலு தையல். இப்போ ஆஸ்பத்திரியில கேக் துண்டு சின்னதா இருக்குன்னு நர்ஸோட சண்டை போட்டுட்டிருக்காரு. சத்தம் கேட்டுப் பயந்து பாறையில முட்டிக்கிட்டாரு. அவ்வளவுதான்."

"அப்போ என் குண்டு...?"

"பாதி வழியிலயே பொடிப்பொடியாயிடுச்சு. பனி மேல ஈயத்தூள் கிடக்கு. வேகம் தாங்கல போல."

ஆரினின் முகம் செத்தது. பிறகு... மெல்ல மலர்ந்தது!

"பொடியாயிடுச்சா? அவ்வளவு வேகமா? ஷெரீஃப்... தயவுசெஞ்சு இதைக் கோர்ட்டுல சத்தமா சொல்லுங்க. பத்திரிகைக்காரங்க வருவாங்க இல்ல?"

"வருவாங்க."

"அப்போ வண்டியை எடுங்க! விளம்பரம் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது!"