பக்கத்து குவாட்டர்ஸில் சாப்பிடுகிறவர்

மனித குலம் பேசக் கற்றுக்கொண்டதே, என்றைக்காவது ஒருவன் அதை ஒழுங்காகச் செய்வான் என்கிற நம்பிக்கையில்தான். அந்த ஒருவன் நெய்வேலி டவுன்ஷிப்பின் இருபதாம் வட்டத்தில், சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் கோபாலகிருஷ்ணனுக்கு மகனாகப் பிறந்துவிட்டான். ராஜ்மோகன் தன் பாட்காஸ்ட்டின் முதல் அத்தியாயத்தை இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கினான். சொல்லும்போது முகத்தில் சிரிப்பில்லை. நிகழ்ச்சியின் பெயர் 'நாகரிகத்தின் குரல்'. அந்தக் குரலைக் கேட்டு அவனே கண்கலங்கியிருக்கிறான். வேறு யாரும் கலங்கியதாகத் தகவல் இல்லை.

பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது, தன் குரலுக்கு அடியில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

மிக மெல்லிய சத்தம். ஹெட்ஃபோன் இல்லாமல் கேட்காது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம், கடைவாயில் எதுவோ நொறுங்கி, எச்சிலோடு குழைந்து, கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகிற சத்தம். அவன் வாக்கியம் முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளிகளில் அது இன்னும் தெளிவாகக் கேட்டது. அவனுக்காக அடக்கி வாசித்துக்கொண்டிருந்து, அவன் நிறுத்தியதும் வாயைத் திறந்ததுபோல.

ராஜ்மோகன் பயப்படவில்லை. டவுன்ஷிப்பில் வளர்ந்த யாரும் பயப்பட மாட்டார்கள். அங்கே பாதி ஆண்களுக்குப் பகல்தான் இரவு. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவர் மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்து சாப்பிடுவார், மறுபடி படுப்பார். அவர் தூங்குகிற வீட்டில் மிக்சி ஓடாது, குழந்தைகள் ஜாடையில் சண்டை போடும், விருந்தாளி கதவைத் தட்டாமல் திரும்பிப் போவார். ஷிஃப்ட்காரர் வீட்டுக் கதவைப் பகலில் தட்டுகிறவனுக்கு அந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

அப்பாவின் தூக்கத்துக்காகத்தான் அவனும் வீட்டில் பேசாமல் இங்கே வந்து பதிவு செய்தான். இது ஜெயராமன் மாமாவின் குவாட்டர்ஸ். அவர் ரிட்டயராகி நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். கம்பெனியிடம் ஒப்படைக்கும்வரை சாவி அவன் அம்மா தேவயானியிடம் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே நடுச்சுவர் வைத்துப் பிரித்த இரட்டை வீடு. இந்தப் பாதியின் படுக்கையறையில் பழைய மெத்தையைச் சுவரில் சாத்தி, கம்பளிகளைக் கொடியில் தொங்கவிட்டு ஸ்டூடியோ ஆக்கியிருந்தான். அந்தப் பாதியில் யாரோ ஒரு நைட் ஷிஃப்ட்காரர் குடியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். ஜன்னல்கள் அடைத்திருந்தன, அவர் தூங்க வேண்டுமே. மரியாதைக்காகத் தன் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கூடப் பேசினான். நாகரிகத்தின் குரல் அல்லவா.

அந்தச் சத்தத்தை நீக்குவது கம்மாபுரத்து இளம்பரிதியின் வேலை. கல்லூரியில் கூடப் படித்தவன், எடிட்டிங் தெரிந்தவன். இரண்டாவது அத்தியாயம் அனுப்பிய அன்றே கூப்பிட்டான்.

"டேய், யார்றா அது, உங்கூடவே துன்னுகினு இருக்கறது? வாய மூடி மெல்லச் சொல்லுடா அந்தாள. எனக்கு வாந்தி வருது."

இதே எரிச்சலில் ராஜ்மோகன் ஒரு முழு அத்தியாயம் பேசினான். மைக்குக்கு முன்னால் பிரியாணியைப் பிசைந்து, எலும்பை உறிஞ்சி, அந்தச் சத்தத்தை விற்றுப் பிழைக்கிறவர்களைப் பற்றி. குரல் இருக்கிறவன் பேசுகிறான், இல்லாதவன் மெல்லுகிறான் என்றான். பிச்சைக்காரன் அவர்களைவிட மேல், சாப்பிடும்போது திரும்பி உட்கார்ந்துகொள்கிறான் என்றான். அவன் பேசியதிலேயே சிறந்தது அதுதான் என்பது அவன் கருத்து. இளம்பரிதி அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் நீக்க வேண்டியதை நீக்காமல் அப்படியே ஏற்றிவிட்டான்.

நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்த நிகழ்ச்சியை அந்த வாரம் ஊர் கேட்டது.

பாராட்டுகளை அவன் ஆவலோடு திறந்தான். நாகரிகத்தைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. பின்னால் சாப்பிடுகிறவர் யார் அண்ணா, அவரைக் கொஞ்சம் மைக் பக்கம் வரச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். இதைக் கேட்டால்தான் என் குழந்தை தூங்குகிறது என்று ஒரு தாய். பேசுகிறவர் மட்டும் கொஞ்சம் இடைஞ்சலாக இருக்கிறார் என்று ஒருவர், மரியாதையாகவே.

பிறகு காடாம்புலியூரிலிருந்து கலைச்செல்வன் வந்தார். முந்திரி வியாபாரி. மசாலா முந்திரிக்குப் புதிதாகப் பாக்கெட் போட்டிருந்தார், அதற்கு விளம்பரம் வேண்டும். மாதாமாதம் தருவதாக அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் ராஜ்மோகனுக்கு, தன் கொள்கைகளை மறுபரிசீலனை செய்ய இது உகந்த நேரம் என்று பட்டது.

காரணம் இருந்தது. பொங்கல் கழிந்தால் அப்பா ரிட்டயர். குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் இந்தப் பாட்காஸ்ட் சம்பாதிக்காவிட்டால், கான்ட்ராக்டர் கலியமூர்த்தியிடம் அவனைச் சேர்த்துவிடுவதாக அப்பா பேசி முடித்திருந்தார். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற ஈரப் பழுப்புக் கரியை ஷவலால் அள்ளுகிற வேலை. குரல் தேவைப்படாத வேலை. பெல்ட் ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது.

கலைச்செல்வன் ஒரு பெட்டி நிறைய முந்திரி கொடுத்துவிட்டுப் போனார். அதைத் தொடாமல் ஸ்டூடியோ மூலையில் வைத்தான். மறுநாள் வந்தபோது பாக்கெட்டுகள் பிரிந்து, காலியாக, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. அணில் என்று நினைத்துக்கொண்டான். மடித்து வைக்கிற அணிலைப் பற்றி அவன் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பேச்சு குறைந்தது. விளம்பரதாரர் கேட்டுக்கொண்டபடி முதலில் பாதி, பிறகு தொடக்கமும் முடிவும் மட்டும். மிச்ச நேரமெல்லாம் அவன் கம்பளிகளுக்கு நடுவே வாய் மூடி உட்கார்ந்திருந்தான், காதில் அந்தச் சத்தத்தோடு. அது நெருங்கி வந்திருந்தது. உதடு பிளக்கும்போது நூல்போல நீளும் எச்சில் அறுகிற சத்தம்கூடக் கேட்டது. பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கு துழாவி எடுத்து, நிதானமாக, மறுபடி மென்றது. அறையில் ஒரு வாடை வந்தது. காரமும் வெண்ணெயும் கலந்த, ஒரு நாள் முழுக்க வாயில் வைத்திருந்ததைத் துப்பிய வாடை. வீட்டில் அம்மா தட்டு வைத்தால் அவனால் சோற்றைப் பார்க்க முடியவில்லை. அப்பா ரசத்தை உறிஞ்சினால் எழுந்து கொல்லைக்குப் போனான்.

கலைச்செல்வன் ஒரு நாள் போன் செய்தார். குரலில் குறை இருந்தது.

"எல்லாம் நல்லாகீது தம்பி. ஆனா முழுங்கற சத்தமே வல்லியே. மென்னுகினே கெடந்தா எப்டிங்க? முழுங்கினாதான ஜனம் வாங்கும்."

இந்த மாதத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும், அதை வருத்தத்தோடு சொல்வதாகவும் சொன்னார்.

ராஜ்மோகன் பழைய பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து கேட்டான். வியாபாரி சொன்னது சரி. எங்குமே விழுங்கவில்லை. மணிக்கணக்காக வாயில் போட்டு மெல்லுகிறது, தொண்டைக்குள் ஒரு முறைகூட எதுவும் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரிலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். அவருக்கு எந்த ஷிஃப்ட், எப்போது தட்டலாம் என்று அம்மாவிடம் விசாரித்தான். தேவயானி கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"யாருக்கு? ஜெயராமன் மாமா வீட்டுக்கு அந்தாண்டயா? அங்க யாரும் இல்லையேப்பா. கூரை விழுந்து, கரண்ட்ட பிடுங்கி, நீ ஸ்கூல் போறப்பவே பூட்டினது."

அன்றைக்கு மத்தியானம் தெரு வழக்கம்போல இருந்தது. மரநிழல். அடைத்த ஜன்னல்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ தூங்குகிற அமைதி. எங்கோ தூரத்தில் இயந்திரத்தின் முனகல், எப்போதும் இருப்பதால் இல்லாததுபோல. அவன் பின்பக்கமாகச் சுற்றிப் போனான். முள்செடிகளுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத் தடம் இருந்தது. பின்கதவில் பூட்டு இல்லை.

தட்டவில்லை. தள்ளினான்.

உள்ளே தரையில் தூசி. தூசியில் காலடி இல்லை. சமையலறையிலிருந்து வாடை வந்தது, அந்த வாடை, ஆனால் சூடாக. மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

சமையல் மேடை நிறைய உருண்டைகள்.

தீபாவளிக்கு லட்டு பிடித்து வைப்பதுபோல வரிசையாக. ஒரே அளவு. ஈரம். மேலே மினுமினுப்பு. மசாலா நிறத்தில் மென்று கூழாக்கி, உள்ளங்கையில் உருட்டி, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு முழு முந்திரிப் பருப்பைப் பதித்திருந்தது. மேடையின் விளிம்பில் எச்சில் வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது. பின்வரிசை உலர்ந்து கறுத்திருந்தது. முன்வரிசையிலிருந்து ஆவி எழுந்தது.

வாசலுக்கு வருவதற்குள் வாந்தி எடுத்தான். ஓடினான்.

பல நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு மாதக் கடைசி நெருங்கியது, போனான். ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு யாரோ காத்திருக்கிற அமைதி. வெறும் அமைதியை ஏற்றினான். கேட்கிறவர்கள் திட்டினார்கள். கலைச்செல்வன் போன் எடுக்கவில்லை. பழைய வழக்கப்படி பேசிப் பார்த்தான். நாகரிகம் குறித்து, மிக ஆழமாக. மூன்று பேர் கேட்டார்கள், அதில் ஒருவர் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து அவன் கட்டிலுக்குக் கீழே வைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"அளவு போட்டுப் பாரு. நாளன்னைக்கு கலியமூர்த்தி வரச் சொல்லிருக்காரு."

பூட்ஸ் சரியாக இருந்தது. அதுதான் அவனைக் கொன்றது.

திங்கட்கிழமை மத்தியானம், அப்பா தூங்கிய பிறகு, ராஜ்மோகன் மைக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனான். கதவு திறந்திருந்தது. மேடையின் முன்வரிசை உருண்டைகள் அப்போதுதான் பிடித்து வைத்தவை. அவன் தரையில் உட்கார்ந்தான். மைக்கைத் தாடைக்கு நேராக வைத்தான். ஹெட்ஃபோனை மாட்டினான். பதிவை அழுத்தினான்.

தொடக்க வாக்கியத்தைச் சொல்லவில்லை.

ஒன்றை எடுத்தான். சூடு. விரல் பட்டதும் அமுங்கியது. கண்ணை மூடிக்கொண்டான். வாயில் வைத்தான்.

மெல்ல எதுவும் இல்லை. எல்லாம் மென்று முடித்திருந்தது. இருந்தாலும் மென்றான். நாக்கில் வழவழப்பு. யாருடைய எச்சிலோ தன் எச்சிலோடு சேர்ந்தது. ஹெட்ஃபோனில் தன் வாய் கேட்டது. தெளிவாக. நல்ல ஒலி.

விழுங்கினான்.

காதுக்குள் ஒரு பெருமூச்சு. அவனுடையதில்லை. மகிழ்ச்சியான மூச்சு. ஈரமானது.

கன்னத்தில் அதன் வெப்பம் பட்டது.

ஒரு விரல் அவன் கடைவாயில் வழிந்ததை வழித்தது. நிதானமாக. பிறகு ஹெட்ஃபோனில், அந்த விரலைச் சப்புகிற சத்தம்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. மைக்கை அணைக்கவில்லை.

அடுத்த உருண்டை உதட்டில் வந்து முட்டியது. அவனுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

வாயைத் திறந்தான்.