பிக்சர் டியூபின் கழுத்து

பழைய டிவியின் பின்மூடியைக் கழற்றியதும் டிவிக்காரர் செய்கிற முதல் காரியம், முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு உள்ளே ஓங்கி ஒரு ஊது ஊதுவதுதான். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். கரப்பான் முட்டையும் காய்ந்த பல்லியும் இலவசம். அன்றைக்கும் ஊதினார். எதுவும் பறக்கவில்லை. குனிந்து பார்த்தார். பூட்டிக்கிடந்த வீட்டின் மூலையில் வருஷக்கணக்காக நின்ற பெட்டி, உள்ளே கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. தகட்டின் மேல் விரலை ஓட்டினார். விரல் சுத்தமாகவே திரும்பி வந்தது.

"யாரோ தொடச்சு வச்சிருக்காங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்மூடியின் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்து இறுகி, எண்ணெய் விட்டு ஊறவைத்த பிறகுதான் அசைந்து கொடுத்தன. துடைத்தவர் எந்த வழியாகக் கையை விட்டார் என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வேலை வந்துவிட்டால் அவருக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான்.

பெட்டி என்றால் சாதாரணப் பெட்டி இல்லை. நான்கு கால், பளபளக்கும் மரம், திரையை மூட இழுவைக் கதவு. பழைய இரும்புக்காரர் வண்டியிலிருந்து இறக்கும்போதே டிவிக்காரருக்கு வாயெல்லாம் பல். ஸ்பீக்கர் ஒன்று போதும், ரேடியோ சேர்க்கிறவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள். டிரான்ஸ்ஃபார்மர், வால்வுகள், பித்தளைக் குமிழ்கள் எல்லாமே ஆள் காத்திருக்கிற சாமான்கள். ஆனால் மரப்பெட்டிக்கு மட்டும் வீட்டுக்குள்ளேயே போட்டி கிளம்பிவிட்டது.

"இது எனக்கு," என்றாள் மனைவி, வாசற்படியில் நின்றுகொண்டு. "செருப்பு வைக்கத் தோதா இருக்கு."

"செருப்புக்கு இழுவைக் கதவா? அது செஞ்ச புண்ணியம்."

"இந்த வீடு பூரா உங்க குப்பை. அதுல எனக்குன்னு ஒண்ணு கேட்டா இவ்வளவு பேச்சு. உள்ள இருக்கிற கண்ணாடியை எடுத்துக் கடாசிட்டுப் பெட்டியைக் குடுங்க."

சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் பேச்சை அவர் தட்டுகிறவர் இல்லை. தட்டினால் சாயங்காலம் வரை அதையே பேசுவாள். வெயில் ஜன்னல் கம்பி வழியாக மேஜையில் கோடு கோடாக விழுந்திருந்தது. மரம் சூடேறிய வாசனையும் ஈயம் உருகும் வாசனையும் முன்னறையில் கலந்து நின்றன. ஸ்பீக்கரை எடுத்து, வால்வுகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுருட்டி வைத்தார். கண்ணாடியின் முதுகில் ஒட்டியிருந்த ரப்பர் மூடிக்குள் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, உள்ளே தேங்கிய கரண்டு மிச்சமிருந்தால் போகட்டும் என்று அதைத் தகட்டில் இறக்கினார். அப்போதெல்லாம் இடது கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். தொழிலில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

படம் தெரிகிற அந்தக் கண்ணாடியை, பிக்சர் டியூபைத் தூக்கி, மடித்த போர்வை மேல் முகம் கவிழ்த்து வைத்தார். நீண்ட கண்ணாடிக் கழுத்து மேலே பார்த்து நின்றது. டியூபை அப்படியே குப்பையில் போடக்கூடாது. உள்ளே காற்று கிடையாது. எங்காவது அடிபட்டால் வெடித்து முகத்தைக் கிழித்துவிடும். அதனால் கழுத்தின் நுனியில் இருக்கிற மெல்லிய கண்ணாடி மூக்கைக் குறட்டால் கிள்ளிவிடுவார்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும், சற்று நேரத்தில் அடங்கும். அதற்குப் பிறகு அது வெறும் கண்ணாடிக் குடம்.

கிள்ளினார். உஸ்ஸ்ஸ்.

அவருக்குப் பிடித்த சத்தம் அது. காதைச் சாய்த்துக் கேட்டார். அடங்கட்டும் என்று குறட்டைத் துடைத்து மாட்டினார், வெட்டிய ஒயர்களைச் சுருட்டினார், தரையைப் பெருக்கினார். சத்தம் அடங்கவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஒரே சீராக, யாரோ பல்லிடுக்கில் உறிஞ்சுகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். சுடர் சாய்ந்து உள்ளே இழுபட வேண்டும். நேராக நின்று எரிந்தது. விரல் நுனியை வைத்துப் பார்த்தார். தோல் உள்ளே இழுபட்டது. ஆனால் சுடர் அசையவே இல்லை.

உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, எனக்கு என்னமோ மூச்சு வாங்குது."

"வெயில்தான். ஃபேனைப் போட்டு உக்காரு."

"ஃபேனுக்குக் கீழதாங்க உக்காந்திருக்கேன்."

எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். மனுஷனுக்கு அப்போது டியூப் மேல்தான் கண். ஓட்டை ஊசிமுனை அளவு, குடமோ பெரிசு, அதனால்தான் நிறைய நேரம் பிடிக்கிறது என்று கணக்குப் போட்டார். வழி பெரிதானால் சீக்கிரம் நிறைந்துவிடும். இத்தனை வருஷ அனுபவம் அவருக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. கழுத்தைச் சுற்றி அரத்தால் ஒரு கீறல் போட்டு, துணியைச் சுற்றிப் பிடித்து, படக்கென்று ஒடித்தார்.

உஸ்ஸென்ற சத்தம் ஹோவென்று ஆனது. சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

ஓடினார். அவள் சுவரோடு சரிந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது, நெஞ்சு ஏறியது, ஏறியது, ஒன்றும் உள்ளே போகவில்லை. விரல்கள் புடவையைப் பிறாண்டின. அவரோ நாய் மாதிரி இரைத்துக்கொண்டு நின்றார், அவருக்குக் காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னலைத் திறந்தார். முதுகைத் தடவினார். தண்ணீர் என்றார், கதவு என்றார், என்ன செய்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை. முன்னறையில் அந்த ஹோ மட்டும் குறையவில்லை. திரும்பி ஓடி, ஒடிந்த கழுத்தின் மேல் உள்ளங்கையை அறைந்தார்.

நிசப்தம். சமையலறையில் பெரிய மூச்சு ஒன்று, பின்னால் இருமல்.

கையைத் தூக்கினார். இருமல் பாதியில் அறுந்தது. மறுபடி வைத்தார். இருமல் வந்தது. ஒருமுறை பார்த்ததை நம்பாமல் இரண்டாம் முறையும் சோதிப்பது மெக்கானிக் புத்தி. மனைவியை வைத்து அப்படிச் சோதித்தோமே என்று நினைத்ததும் உள்ளங்கையை இன்னும் அழுத்தினார்.

சுவரைப் பிடித்தபடி அவள் வந்தாள். உதடு வெளுத்திருந்தது. "என்னங்க பண்றீங்க?"

சொன்னார். கேலி செய்வாள், உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு என்பாள் என்று எதிர்பார்த்தார். கேலி செய்திருந்தால் அவருக்கும் தெம்பு வந்திருக்கும். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு அந்தக் கண்ணாடியையே பார்த்தாள்.

ஓட்டையை அடைக்க ஒரு மரக்கட்டையைச் செதுக்கி எடுத்து வந்தாள். ஈரத்துணியைத் திணித்தார்கள். மெழுகை உருக்கி ஊற்றினார்கள். எல்லாம் உள்ளே போயின. உள்ளே விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. கை மாற்றுகிற அந்த இடைவெளியில் ஒவ்வொரு தடவையும் அவள் மேஜை விளிம்பைப் பிடித்து மடங்கினாள்.

"போதும்ங்க," என்றாள். "என்னால முடியல."

அவர் உள்ளங்கை டியூபின் கழுத்தோடு இறுகிப்போயிருந்தது. உடைந்த விளிம்பு தோலைக் கடித்து, ரத்தம் கசிந்தது. கசிந்த ரத்தம் வெளியே வழியவில்லை.

"நீ இங்க இருக்கிறதுதான் தப்பு. கிளம்பு. பஸ் பிடிச்சு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போ. போய்ட்டேன்னு சொல்லு, கையை எடுத்துட்டு நானும் ஓடி வந்துடறேன்."

"வீடு?"

"வீடாவது ஒண்ணாவது. நீ இருந்தா எங்க வேணா இருந்துக்கலாம்."

அவள் தன் போனிலிருந்து அவர் போனுக்கு அழைத்து, அதன் ஸ்பீக்கரைப் போட்டு, மேஜையில் அவர் முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்தாள். அவர் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றினாள். செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

போனில் அவள் நடப்பது கேட்டது. நாய் குரைத்தது, யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள், பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் சில்லறை கேட்டார். அதையெல்லாம் கேட்கக் கேட்க அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் வெயில் மேஜையிலிருந்து நழுவிச் சுவரில் ஏறியிருந்தது.

"பாலம் தாண்டிட்டேங்க," என்றாள். "ஊரே தாண்டியாச்சு. எடுங்க."

"எடுக்கட்டுமா?"

"ம்."

பிய்த்து எடுத்தார்.

ஹோ.

போனில் பஸ் ஓடுகிற சத்தம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் போலவே காது கொடுத்துக் கேட்கிறாள் என்று நினைத்தார். நல்லதுதான், ஒன்றும் ஆகவில்லை. செருப்பைத் தேடினார். ஒரு எட்டு வைத்தார். அப்போது போனில் வேறொரு பெண் குரல் பதறியது. "ஏம்மா. ஏம்மா, என்ன பண்ணுது? வண்டியை நிறுத்துங்கப்பா."

பாய்ந்து கையை அறைந்தார்.

இருமலுக்காகக் காத்திருந்தார். அந்தப் பெரிய மூச்சுக்காக. வரவில்லை. "இந்தா," என்றார். "இந்தாம்மா, மூடிட்டேன். மூடிட்டேன், மூச்சை இழு." யாரோ ஏதோ கத்தினார்கள். போன் அணைந்தது.

தீக்குச்சி அப்போதே சொன்னது. இந்த அறையின் காற்று டியூபுக்கு வேண்டவே வேண்டாம் என்று. அவள் அருகில் இருந்தாலென்ன, எட்டப் போனாலென்ன. அவர்தான் கேட்கவில்லை.

போகலாம். கையை எடுத்தால் போகலாம். எடுத்தால் அவளிடம் மிச்சம் இருக்கிற மூச்சும் போய்விடும். மிச்சம் இருக்கிறதா என்றும் தெரியாது. போனை எட்ட முயன்றார், விரல் பட்டு அது மேஜைக்குக் கீழே விழுந்தது. யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிட்டு என்ன சொல்வது? சுவரில் இருந்த வெயில் சிவந்து, பழுத்து, இல்லாமல் போனது. கால் மரத்தது. அப்படியே நின்றார்.

படியில் காலடி.

நிதானமான காலடி. அவள் செருப்பு.

"வந்துட்டியா," என்றார். "வந்துட்டியாம்மா."

அவள் உள்ளே வந்தாள். முந்தானை தோளில் சரியாக இருந்தது. முகம் சாம்பல் நிறம். அவருக்கு எதிரில் வந்து நின்று, வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. பேச்சைத் தூக்கிக்கொண்டு வர அவளிடம் காற்று இல்லை.

அவள் நெஞ்சைப் பார்த்தார். ஏறவில்லை. இறங்கவில்லை.

கண் மட்டும் இமைத்தது.

அவள் கையை நீட்டி அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்றிருந்தன. அப்போதுதான் வலது கையில் இழுப்பு நின்றுபோயிருப்பது அவருக்குத் தெரிந்தது. உள்ளங்கைக்குக் கீழே கண்ணாடிக்குள் ஏதோ ஒன்று மெதுவாக உப்பி, அவர் தோலை வெளியே தள்ளியது. வெதுவெதுப்பாக. ஈரமாக. பிறகு உள்ளே வாங்கியது. மறுபடி தள்ளியது. அந்தத் தாளம் அவருக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

எடுத்தால் அது அவளிடம் போகுமா, காற்றோடு போகுமா?

அவள் காத்துக்கொண்டு நின்றாள். இடது கையில் அவள் குளிர்ந்துகொண்டே வந்தாள். வலது கைக்குள் அவள் மூச்சு வாங்கினாள்.