பச்சை பூசிய இரும்புத் துண்டு

பச்சை பிக்கப் வண்டிக்கு அப்பாவைவிட வயது அதிகம். அதனால் கொஞ்சம் அடமும் அதிகம். இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும். வலப்பக்கம் திரும்பினால் ஸ்டியரிங் கடகடவென்று ஆடும்.

"இன்னைக்கு இதை ஒரு கை பாத்துடறேன்," என்று அப்பா பட்டறையில் வேலையை ஆரம்பித்தார். மறுநாள் அந்த வண்டியில்தான் ஒரு வீட்டுச் சாமான்களை ஏற்றிப் போக வேண்டும்.

கழற்றிய பாகங்களை அவருடைய மகள் ஒரு தட்டில் வரிசையாக வைத்தாள். அவளை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது எதைப் பிடித்தாலும் விடமாட்டாளாம். அந்தப் பெயரை வைத்தவர் பெரியப்பா.

அண்ணன் தம்பி இருவரும் முன்பு இந்தப் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். இப்போது பெரியப்பா வருவதே இல்லை. ஏன் என்று கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

ஸ்டியரிங் சக்கரம் கழன்றது. அடுத்து, அதைத் தாங்கும் நீளக் குழாய். டேஷ்போர்டுக்கு அடியில் அந்தக் குழாயைப் பிடித்திருந்த கிளாம்பிலிருந்து நீளமான இரண்டு போல்ட்டுகளை அப்பா உருவினார். உடனே விரல் தடிமனில் ஓர் இரும்புத் துண்டு டொக்கென்று கீழே விழுந்தது.

அப்பாவின் முகம் மாறியது. "இதான். எல்லாம் இதாலதான் வந்துச்சு."

"என்னப்பா இது?"

"உங்க பெரியப்பா பண்ணின வேலை. கிளாம்ப் டேஷ்போர்டோட ஒட்டி உக்காரணும். நடுவுல இதைச் சொருகி, ஸ்டியரிங்கைக் கீழே தொங்க விட்டிருந்தாரு. கஸ்டமருங்க நின்னுட்டு இருந்தாங்க. அவங்க முன்னாடியே, 'இப்படி அரைகுறையா வேலை பாக்கறதுக்கு நீ எதுக்கு'ன்னு கேட்டுட்டேன்."

"பெரியப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கே டூல்ஸை எடுத்துட்டுப் போயிட்டாரு."

அப்பா துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். புது பேரிங் மாட்டி, கிரீஸ் தடவி, ஹாரன் வயரில் டேப் சுற்றினார். கிளாம்பை ஒட்ட வைத்து, குட்டை போல்ட்டுகளால் இறுக்கினார். நீள போல்ட்டுகள் தட்டிலேயே கிடந்தன.

"இப்பதான் ஒழுங்கா இருக்கு," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போனார்.

போகும்போது இரண்டு கைகளும் சக்கரத்தில் இருந்தன. திரும்பி வரும்போது இடக்கை மட்டும்தான் இருந்தது. இறங்கியதும் அப்பா வலது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"வலிக்குதாப்பா?"

"பேரிங் புதுசுல்ல. டைட்டா இருக்கு."

ஸ்பேனர் நம்பவில்லை. சில வருடங்களுக்கு முன்னால், தூக்கிக் கட்டியிருந்த ஓர் என்ஜின் நழுவி அப்பாவின் தோளில் இடித்துவிட்டது. அதிலிருந்து அந்தக் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாது. வெளியாட்கள் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் யார் நம்பிச் சாமான் ஏற்றுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம்.

கை கழுவ வீட்டுக்குள் போன ஸ்பேனர், ஈரக் கையைத் துடைக்கத் துண்டை எடுக்கும்போது அப்படியே நின்றுவிட்டாள். துண்டு மாட்டும் கொக்கி அவளுடைய உயரத்தில் இருந்தது. அப்பாவின் சட்டை ஆணியும் அப்படித்தான். வீட்டுக்கு வருகிறவர்கள், "பொண்ணுக்காக இறக்கி வெச்சீங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாமா," என்று அப்பாவும் கூசாமல் சொல்வார். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள், யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் இறக்கி அடித்து வைத்தவர் பெரியப்பா.

அவள் பட்டறைக்கு ஓடிக் குப்பைத் தொட்டியைக் கிளறினாள். அந்த இரும்புத் துண்டைத் துடைத்துப் பார்த்தாள். ஓரமெல்லாம் அரத்தால் வழவழவென்று ராவியிருந்தது. நாலு பக்கமும் வண்டியின் அதே பச்சை பெயின்ட்.

"அப்பா, அரைகுறையா வேலை பாக்கறவங்க, யாரும் பாக்காத இடத்துக்குப் பெயின்ட் அடிப்பாங்களா?"

அப்பா அதை வாங்கி, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார்.

"நம்ம வீட்டுக் கொக்கியை இறக்கி வெச்சது பெரியப்பாதானே?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "ஸ்டியரிங்கையும் உங்க கைக்காகத்தான் இறக்கியிருப்பாரு."

அப்பா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"கஸ்டமருங்க நின்னுட்டு இருந்தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்பா வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். "எவ்வளவு பேசிட்டேன் அன்னைக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் கண் கலங்கி ஸ்பேனர் பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்களே மாட்டிடலாமேப்பா?"

"மாட்டலாம். ஆனா நான் மாட்ட மாட்டேன். வண்டியில ஏறு."

பெரியப்பாவின் பட்டறை நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டா இத்தனை நாள் பார்க்காமல் இருந்தோம் என்று ஸ்பேனருக்கு வருத்தமாக இருந்தது. வாசலில் சிலர் வண்டிகளோடு காத்திருந்தார்கள். பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"இடப்பக்கம் திரும்பியும் ஹாரன் அடிக்கலை. அதான் வேற யாரோன்னு நெனச்சேன்," என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அண்ணே, எனக்கு வலது கை மேல ஏறாது. ஸ்டியரிங்கை இறக்கித் தரணும். அன்னைக்கு நீ செஞ்சதுதான் சரி. எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசினேனே, அது பெரிய தப்பு."

காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா பழைய துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார். பிறகு ஸ்பேனரின் தலையில் கையை வைத்தார்.

"எவ்வளவு வளந்துட்டா இவ. நான் பாக்காமலே வளந்துட்டா."

அப்பா பச்சைத் துண்டை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு பெரியப்பா டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். அப்பா டார்ச்சைப் பிடித்தார்.

"தம்பி, லைட்டை ஆட்டாதே," என்ற பெரியப்பா, உள்ளேயிருந்து கையை வெளியே நீட்டினார். "நீள போல்ட் ரெண்டு இருக்குமே, அதையும் தூக்கிப் போட்டுட்டியா?"

அப்பா திருதிருவென்று விழித்தார்.

ஸ்பேனர் தன் கையை விரித்தாள். நீள போல்ட்டுகள் இரண்டும் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே அவள் கைக்குள்தான் இருந்தன.